பட்டையைக் கழற்றும் அதிகாரம்

இசக்கியம்மாளின் பிடரியில் நான் பட்டையைப் பொருத்தியபோது காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். வெயில் அதற்குள் நாற்பத்திரண்டு டிகிரியைத் தொட்டிருந்தது. சுற்றிலும் உப்புப் பாத்திகள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் கண்ணைத் திறக்க முடியாது. அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, குளிரூட்டப்பட்ட பேரவை மண்டபத்தில், முள்ளக்குளம் தொகுதி உறுப்பினர் சேர்மத்துரையின் பிடரியில் இதன் ஜோடியை இன்னொரு தொழில்நுட்பர் பொருத்திக்கொண்டிருந்தார்.

"பட்டை போட வந்திருக்கியளா, நாமம் போட வந்திருக்கியளா?" என்று வரப்பில் நின்றபடி கேட்டார் இசக்கியம்மாளின் கணவர் சுடலைமணி. ஒன்பது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். எல்லா ஊரிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். நானும் எல்லா ஊரிலும் சிரித்து வைப்பேன்.

இசக்கியம்மாள் சிரிக்கவில்லை. அவருக்கு வேறு சந்தேகம் இருந்தது.

"நான் படுத பாடு அவுகளுக்குத் தெரியும்னு சொல்லுதிய. எப்படிம்மா தெரியும்? டிவில பாக்குத மாதிரியா?"

"இல்லக்கா. உங்களுக்குச் சுட்டா அவருக்குச் சுடும். உங்களுக்குத் தண்ணி தவிச்சா அவருக்கு நாக்கு வறளும். ஓட்டுப் போட்டு முடிக்கிற வரைக்கும் உங்க உடம்பு அவரோட உடம்பு."

"அப்பம் நல்லாப் படட்டும்" என்று சொல்லிவிட்டு உப்பு வாரும் பலகையைக் கையில் எடுத்தார்.

இதற்கு உடனுணர்வு விதி என்று பெயர். ஏசியில் உட்கார்ந்துகொண்டு வெயிலைப் பற்றிச் சட்டம் போடுகிறார்கள் என்று ஊரெல்லாம் காறித் துப்பிய காலத்தில் வந்தது. மின்சாரமோ பருவநிலையோ, அது பற்றிய எந்த மசோதாவுக்கும் உறுப்பினர்கள் சும்மா வாக்களித்துவிட முடியாது. தொகுதியில் குலுக்கலில் தேர்வான ஒரு வாக்காளரோடு பட்டையால் இணைந்திருக்க வேண்டும். விவாதம் தொடங்கியதிலிருந்து தலைகளை எண்ணி முடிக்கும்வரை இணைப்பு அறக்கூடாது. நடுவில் எந்தப் பக்கம் பட்டை கழன்றாலும் அந்த உறுப்பினரின் ஓட்டு செல்லாது.

வாக்காளரின் பக்கத்தில் என்னைப் போல ஒருவர் இருப்போம். நாங்கள் வாக்காளருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. "கொஞ்சம் உட்காருங்கள்" என்று சொல்லக்கூடக் கூடாது. முன்பொரு முறை ஒரு தொழில்நுட்பர் செங்கல் சூளைப் பெண்ணை நிழலில் உட்காரச் சொன்னார். அது செயற்கைக் குளிர்ச்சி என்று வழக்குப் போட்டு, அந்த ஓட்டையே ரத்து செய்தார்கள். அதிலிருந்து பட்டையில் ஒலிப்பதிவும் சேர்ந்துகொண்டது. எங்களுக்கு மிஞ்சியிருப்பது ஒரே அதிகாரம், வேண்டுமானால் பட்டையைக் கழற்றலாம். நான் இதுவரை கழற்றியதில்லை.

அன்றைக்கு அவைக்கு வந்திருந்தது கொடுவெயில் நாள் மின்பங்கீட்டு மசோதா. நாற்பத்தைந்து டிகிரியைத் தாண்டும் நாட்களில் பதினொரு மணி முதல் நான்கு மணி வரை வெட்டவெளி வேலை நிற்கும், கூலி நிற்காது. அந்த ஐந்து மணி நேரமும் ஆலைகளின் மின்சாரத்தைப் பிடுங்கிக் குடியிருப்புகளின் குளிர்கூடங்களுக்குக் கொடுப்பார்கள். ஆலைக்காரர்கள் விடுவார்களா? இரண்டு முறை வந்து இரண்டு முறையும் தோற்ற மசோதா. இந்த முறை ஆளுங்கட்சிக்குக் கணக்குப்படி ஒரே ஒரு ஓட்டு அதிகம். சேர்மத்துரை அந்தப் பக்கம்.

இசக்கியம்மாள் இதற்காகவே குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தவர். ஒரு முறை இரண்டு முறையல்ல, பதினோரு முறை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மகன் பொன்னரசு லாரியில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது சுருண்டு விழுந்தான். வயது இருபத்துமூன்று. அவனுக்கு மறுநாள் திதி. அதற்கு லீவு போடுவதால், அன்றைக்கே இரண்டு நாள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முந்தைய நாள் சாயங்காலம் சேர்மத்துரை என்னிடம் போனில் பேசினார். சென்ற முறை இதே மசோதா வந்தபோது அவர் ஒரு சுமைதூக்கியோடு இணைந்திருந்தார். இரண்டாவது மணி நேரத்தில் மயங்கி விழுந்தவரை ஆம்புலன்சில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஓட்டுச் செல்லாமல் போனது. மசோதா ஒரு ஓட்டில் தோற்றது. அதை அவர் மறக்கவில்லை. ஊரும் அவரை மறக்கவிடவில்லை.

"இந்தத் தடவை மரப்பு ஊசி போட்டுக்கிடலாம்னு பாக்கேம்மா. டாக்டர் ரெடியா இருக்காரு. பாதிப் பேரு போடுதாவ. விதியில தப்பில்லைல்லா?"

தப்பில்லை. உணர வேண்டும் என்று விதி எழுதியவர்களுக்கு, மரத்துப் போகக் கூடாது என்று எழுதத் தோன்றவில்லை.

"எங்கப்பாவும் உப்பளத்துல கெடந்தவருதான்" என்றார். "எனக்கு அது தெரியணும்னு இல்ல. நான் நிக்கணும், கையத் தூக்கணும். அவ்வளவுதான்."

சரி சார் என்றேன். அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்தப் பட்டை ஒருவழிப் பாதை என்றுதான் கையேட்டில் இருக்கிறது. ஆனால் களத்தில் வேலை பார்க்கும் எங்கள் எல்லோருக்கும் தெரியும், இந்தப் பக்கமும் கொஞ்சம் கசியும். மண்டபத்து ஏசியின் குளிர் வாக்காளருக்கு லேசாக வந்து சேரும். "என்னமோ ஜிலுஜிலுன்னு இருந்துச்சு" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதை நாங்கள் யாரும் மேலே எழுதியனுப்பியதில்லை. வருஷம் முழுக்க வேகிறவர்களுக்கு அரைநாள் ஓசிக் குளிர், அதையும் ஏன் கெடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

குளிர் கசிந்தால் மரப்பும் கசியுமே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. வலியில்லாமல் ஒரு நாள் வேலை பார்க்கட்டுமே என்றும் கூடவே தோன்றியது. அதை நான் நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு வெயில் நாற்பத்தாறு. இசக்கியம்மாள் நான் பார்த்த எந்த உப்பளத் தொழிலாளியையும்விட வேகமாக வேலை செய்தார். பலகையால் பாத்தியின் உப்பை இழுத்து வரப்போரம் குவித்துக்கொண்டே போனார். மற்றவர்கள் அரைமணிக்கு ஒரு தரம் தகரக் கொட்டகைக்கு ஓடித் தண்ணீர் குடித்தார்கள். இவர் போகவில்லை.

"வெயிலே ஏறல பாத்துக்கிடுங்க" என்றார், என் அருகே வந்தபோது. "மேலுக்கு யாரோ ஈரத்துணியப் போத்திவிட்ட மாதிரி இருக்கு. காலு எரிச்சலயும் காணோம். நடந்தா நடக்கு."

அவர் பாதங்களைப் பார்த்தேன். உப்பு அரித்து விரலிடுக்கெல்லாம் பிளந்திருந்தது. ஒரு வெடிப்பிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை.

என் காதில் மாட்டியிருந்த ஒலிவாங்கியில் பேரவை நேரலை ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் தன் தொகுதியில் குளிர்கூடத்தைத் திறந்துவைத்த தலைவரைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். இன்னொருவர் எந்த ஆட்சியில் மரம் அதிகமாக வெட்டப்பட்டது என்று கேட்டார். அதற்கு அமளி. வார்த்தையை நீக்கச் சொன்னார்கள், நீக்கினார்கள். முன்பெல்லாம் இந்த மாதிரி விவாதம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. வெக்கை தாங்காமல் இரண்டு பக்கமும் பேச்சைச் சுருக்கிவிடுவார்கள். இன்றைக்கு யாருக்கும் அவசரம் இல்லை. எல்லோருமே ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு மணிக்கு என் கையிலிருந்த கருவியில் இசக்கியம்மாளின் உடல் சூடு முப்பத்தொன்பது. இரண்டு மணிக்கு நாற்பதைத் தாண்டியது. முகத்தில் வியர்வை இல்லை. வியர்க்காத தோலை உப்பளத்தில் பார்த்தால் பயப்பட வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். பார்த்தேன். பயம் வரவில்லை. அது எங்கோ இருந்தது, என்னிடம் வந்து சேரவில்லை. ஒன்பது வருஷத்தில் எனக்கு ஊசியில்லாமலே மரத்துப் போயிருந்தது.

இரண்டே காலுக்கு இசக்கியம்மாள் குவித்து வைத்த உப்பை மறுபடி பாத்தித் தண்ணீருக்குள் தள்ள ஆரம்பித்தார். நிதானமாக, ஒழுங்காக, பலகையைத் திருப்பிப் பிடித்து, காலையிலிருந்து வாரியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளினார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

நான்கு பாத்தி தள்ளி வேலை பார்த்துக்கொண்டிருந்த சுடலைமணியும் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "ஏளா, என்ன செய்த?" என்று கையைப் பிடித்தார். இசக்கியம்மாள் திரும்பிப் பார்த்து, "முடிச்சுட்டேன், இன்னும் ஒரு வரிசைதான்" என்றார். குரல் குழறியது.

சுடலைமணி தன் பாட்டிலைத் திறந்து மனைவியின் வாயில் தண்ணீர் விட்டார். அது விழுங்கப்படாமல் கடைவாய் வழியே ஒழுகியது. தோளில் கிடந்த துண்டை விரித்து அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார். விதியில் தொழில்நுட்பரைப் பற்றித்தான் இருக்கிறது, புருஷனைப் பற்றி ஒன்றும் இல்லை. அவரை நான் முன்னாலேயே கூப்பிட்டிருக்கலாம். விதிக்கு வெளியே யோசிக்கும் பழக்கம் எனக்கு விட்டுப்போயிருந்தது.

"கழத்திருவமா மேடம்?" என்றார் சுடலைமணி.

"கழற்றினா ஓட்டுச் செல்லாது அண்ணாச்சி."

"எவ்வளவு நேரமாவும்?"

காதில் அமைச்சர் பதிலுரையை முடித்துக்கொண்டிருந்தார். "பத்து நிமிஷம்" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். அப்புறம் லாரிகள் நிற்கும் பக்கம் பார்த்தார். அங்கேதான் பொன்னரசு விழுந்தான் என்று காலையில் கைகாட்டியிருந்தார். அவர் என்ன நினைத்தார் என்று நான் சொல்ல முடியாது. நான் நினைத்ததைச் சொல்கிறேன். மூன்றாவது முறையும் தோற்றால் விதிப்படி இந்த மசோதா இனி ஐந்து வருஷத்துக்கு வராது. ஒரு வெயில்காலத்துக்குச் சாகிறவர்கள் ஆயிரம் பேர், ஐந்து வெயில்காலம். இந்தப் பக்கம் ஒருவர், பத்து நிமிஷம். இது எனக்குச் சரியான கணக்காகவே தெரிந்தது. இப்போதும் எங்கே தப்பு என்று காட்டத் தெரியவில்லை.

"பத்து நிமிசந்தானே" என்றார் சுடலைமணி.

என் விரல் பட்டையின் கொக்கியில் இருந்தது. எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. இசக்கியம்மாள் முழங்காலிட்டு உட்கார்ந்தார். கருவியில் நாற்பத்தொன்று. சுடலைமணி துண்டை இறக்கவில்லை. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அமைச்சர் உட்கார்ந்தார். எதிர்க்கட்சித் தலைவர் எழுந்தார். தொழிலாளர் நலனையும் தொழில் வளர்ச்சியையும் இரண்டு கண்களாகக் கருதும் தங்கள் இயக்கம், அவசர கோலத்தில் அள்ளித் தெளித்த இந்த மசோதாவைக் கண்டித்து வெளிநடப்புச் செய்கிறது என்றார். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கோஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வாசல் பக்கம் போனது.

பேரவைத் தலைவர் குரல் வாக்கெடுப்புக்கு விட்டார். ஆம் என்பவர்கள் ஆம் என்றார்கள். இல்லை என்று சொல்ல உள்ளே ஆளில்லை. மசோதா ஏகமனதாக நிறைவேறியதாக அறிவித்தார். தலை எண்ணவில்லை. யார் பிடரியில் பட்டை இருந்தது, யாருடையது கழன்றது என்று யாரும் பார்க்கவில்லை.

நான் கொக்கியை அழுத்தினேன். பட்டை கையோடு வந்தது. இசக்கியம்மாள் முகம் கவிழ்ந்து பாத்தித் தண்ணீரில் சரிந்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ஆம்புலன்சில் ஐஸ் கட்டிகளை அடுக்கினார்கள். அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். சுடலைமணி துண்டை மடியில் வைத்துக்கொண்டு கூடவே வந்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது சேர்மத்துரை கூப்பிட்டார். செய்தி அவருக்குப் போயிருந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா" என்றார். "சத்தியமாத் தெரியல. நான் காப்பி குடிச்சிட்டு இருந்தேன்."

"எனக்குத் தெரியும் சார். ஓட்டுக்காகத்தான் கழற்றாம இருந்தேன்."

அவர் மெதுவாகச் சொன்னார். வெளிநடப்பு பதினொரு மணிக்கே பேசி முடித்த விஷயமாம். எதிர்த்து ஓட்டுப் போட்டால் எதிர்க்கட்சிக்காரர்கள் தங்கள் தொகுதிகளில் செத்தவர்களின் வீட்டுக்குப் போக முடியாது. ஆதரித்துப் போட்டால் ஆலைக்காரர்களின் முகத்தில் விழிக்க முடியாது. ஆகவே வெளியே போய்விடுவது என்று முடிவு. பதிலுக்கு, சட்டத்தை அடுத்த வெயில்காலத்திலிருந்து அமல்படுத்தினால் போதும் என்று ஆளுங்கட்சி ஒத்துக்கொண்டது. அப்புறம் ஏன் மூன்றரை மணி நேரம் பேசினீர்கள் என்று கேட்டேன். அவரவர் பேச்சு அவைக்குறிப்பில் ஏற வேண்டாமா என்றார்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருக்கலாம்" என்றார். "சொல்லணும்னு தோணல. ஊசி போட்டா அப்படித்தான் ஆயிருது போல."

போனை வைத்ததும் எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பசித்தது.

சுடலைமணி பிணவறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"அவ பட்டை போட்டிருந்த ஓட்டு விழுந்துச்சாம்மா?"

காலையிலிருந்து மேடம் என்றவர், அம்மா என்றார். அந்தப் பத்து நிமிடம் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். பத்து நிமிஷந்தானே என்று வாயால் சொன்னவரும் அவர்தான்.

"விழுந்துச்சு அண்ணாச்சி."

"அதுலதான் ஜெயிச்சுதோ?"

"ஆமா. ஒரே ஒரு ஓட்டுலதான்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு எழுந்து போய், வாசலில் கூடியிருந்த சொந்தக்காரர்களிடம் அதைச் சொன்னார். ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

பதினாறாம் நாள் முள்ளக்குளத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. ஒரே வாக்கில் சட்டம் தந்த தாயே என்று கொட்டை எழுத்தில் போட்டு, இசக்கியம்மாளின் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அதைவிடச் சற்றுப் பெரிதாகக் கைகூப்பிய சேர்மத்துரை. பந்தலில் வெயில் நாற்பத்தேழு. உப்பளத்தில் அன்றைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. சட்டம்தான் அடுத்த வருஷத்துக்கு ஆயிற்றே.

சேர்மத்துரை மேடையில் ஏறினார். இளைத்திருந்தார். முதலில் தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். பிறகு காகிதத்தைப் பார்த்தார், பிறகு கூட்டத்தில் என்னைப் பார்த்தார். பிணவறைக்கு வெளியே நான் சொன்ன அந்த ஒரு ஓட்டுக் கதை சுடலைமணி வழியாக ஊருக்குப் போய், ஊர் வழியாகக் கட்சி ஆபீசுக்குப் போய், தட்டச்சாகி அவர் கைக்கு வந்திருந்தது. அது பொய் என்று அந்தப் பந்தலில் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"அந்த அம்மா அன்னைக்குக் கடைசி வரைக்கும் தாக்குப் பிடிக்கலன்னா, என் ஓட்டுச் செல்லாமப் போயிருக்கும்" என்றார். "இன்னைக்கு இந்தச் சட்டம் இருந்திருக்காது."

முன்வரிசையில் சுடலைமணி கைதட்டினார். தட்டிக்கொண்டே திரும்பி, நான் கேட்டேனா என்று பார்த்தார். நானும் தட்டினேன்.